ஜெட்டுக்குள் ஒரு இழை

தங்கப்பழத்தின் பழைய ஃபியட் காருக்குச் சங்கரன்கோவிலில் இப்போது ‘வேட்டு வண்டி’ என்று பெயர். கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்குப் போகிற கார் அது. பனவடலிசத்திரத்தில் மண்டப வாசலில் திரும்பும்போது சைலன்சரில் வெடித்துத் தொலைத்தது. பெண்ணின் அப்பா ஊர் முன்னால் சொன்னார்.

“பொணம் எடுக்குத துட்டி வீட்டுலதான்யா வேட்டு போடுவாங்க. கல்யாண வாசல்ல வந்து போடுதீரே!”

அதோடு கூப்பிட ஆளில்லை. மிச்சம் இருப்பது வாசுதேவநல்லூர்க் கல்யாணம் ஒன்றுதான். அங்கேயும் வெடித்தால் காரை இரும்பு விலைக்குப் போட வேண்டியதுதான்.

அந்தக் காரின் பானட்டுக்குள் கைவைக்கிற ஒரே ஆள் மகாராஜன். ஜின்னிங் மில்லில் இருவரும் சேர்ந்து பருத்தி மூட்டை சுமந்தவர்கள். அவன் மெக்கானிக் ஆன பிறகு தங்கப்பழம் வேறு பட்டறை வாசலை மிதித்ததில்லை. அவனும் கார்பரேட்டரைத் திரும்பத் திரும்பக் கழற்றிக் கழுவினான். போன வேகத்தில் மறுபடி வெடிக்கும்.

“வண்டிக்கு வயசாயிட்டு வே. வித்துட்டு வீட்டுல இரும்” என்பான்.

அன்று காலை கரிவலம்வந்தநல்லூர் தாண்டும்போது கார் துப்பித் துப்பி நின்றது. எதிரே பைக் பட்டறை வைத்திருக்கும் பாதுஷா எழுந்து வந்தார்.

“எங்கன வெடிக்கு அண்ணாச்சி? முன்னாலயா, பின்னாலயா?”

“முன்னால தும்முது. அப்புறம் பின்னால போடுது.”

“சும்மா நிக்கும்போது?”

“பச்சப்புள்ள மாதிரி நிக்கும். மிதிச்சாத்தான் கோட்டி புடிக்கும்.”

பாதுஷா காற்றைக் குறைக்கும் சோக்கைப் பாதி இழுத்துவிட்டு ஓட்டச் சொன்னார். கார் வெடிக்காமல் போய் வந்தது.

“அப்போ பெட்ரோல் பத்தல. காத்துதான் கூட.”

பம்பு நன்றாக அடித்தது. மிதவையும் சரியாக இருந்தது. கார்பரேட்டருக்குள் பெட்ரோல் பாயும் மெயின் ஜெட்டைக் கழற்றி வெயிலுக்கு நேராகப் பிடித்தார். ஊசி நுழைகிற ஓட்டை பாதிதான் தெரிந்தது. உள்ளேயிருந்து தலைமுடி போல ஒரு செம்புக் கம்பி இழையை உருவி எடுத்தார்.

“மைலேஜுக்குக் கம்பி விட்டீயளாக்கும்? டாக்சிக்காரன் விடுத வேல இது. அவனே வெடிச்சா எடுத்துருவான்.”

“நான் இதக் கண்ணால பாத்ததே இல்லைய்யா.”

“அப்போ கழுவுனவருக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டு ஜெட்டை மாட்டினார் பாதுஷா.

திரும்பி வரும் வழியெல்லாம் கார் வெண்ணெயாக ஓடியது.

மகாராஜன் பட்டறையில் காரை நிறுத்திப் பானட்டைத் தூக்கினார். இழையை அவன் கையில் வைத்தார்.

“ஏலே, இது யாரு வேல?”

மகாராஜன் பொய் சொல்லவில்லை.

“என் வேலதான். மயினிகிட்டக் கேட்டுட்டுத்தான் செஞ்சேன்.”

“எம் பொண்டாட்டியும் கூட்டா?”

“உமக்கு வலது கண்ணு தெரியல வே. பஜார்ல டிராக்டரு வந்தப்போ நான்லா ஸ்டியரிங்கத் திருப்புனேன்? கேட்டதுக்குக் கண்ணாடி அழுக்குன்னீரு. பொண்ணு மாப்பிள்ளைய ஏத்திக்கிட்டுக் கெணத்துல விடுவீரோன்னு மயினி அழுதா. வண்டி நின்னா நீரும் நிப்பீருன்னு நெனச்சோம்.”

“கண்ணு போச்சுன்னு எம் மூஞ்சிக்கு நேரா இன்னொரு தடவ சொல்லுததுக்கு என்னல?”

“சொன்னா கேப்பீரா?”

“கேக்க மாட்டேன். சண்ட போட்டிருப்பேன். போட்டுட்டு வித்திருப்பேன். நல்ல வண்டின்னு வித்திருப்பேன். இப்போ வேட்டு வண்டிக்காரன்னு ஊரே சிரிக்கி. மண்டபத்துல அந்தாளு என்னய ஏசும்போது நீயும் பக்கத்துலதானல நின்ன? வாயத் தொறந்தியா?”



தங்கப்பழம் போனை எடுத்து வாசுதேவநல்லூர்க்காரரைக் கூப்பிட்டார்.

“அண்ணாச்சி, வேற வண்டி பாத்துக்கிடுங்க… இல்ல இல்ல, வண்டி நல்லாருக்கு. இப்போ வெடிக்கல. எனக்குத்தான் ஒரு கண்ணு தெரியல. ஆமா. நானேதான் சொல்லுதேன்.”

பேசி முடித்துப் போனைச் சட்டைப்பையில் போட்டார். மகாராஜன் பானட்டை இறக்கக் கை வைத்தான்.

“கைய எடுல” என்றார் தங்கப்பழம்.