கறுப்பை எடுத்த புதன்கிழமை

என்னிடம் இரண்டு எலெக்ட்ரிக் கிட்டார் உண்டு. மனசு லேசாக இருந்தால் வெள்ளை, கனத்துக் கிடந்தால் கறுப்பு. "துரை மூட் பாத்துத்தான் கிட்டார் எடுப்பாரு" என்று அக்கா கிண்டலடிப்பாள். அடிக்கட்டும். மனசுக்கு ஒட்டாத கிட்டாரைத் தோளில் மாட்டினால் எனக்கு விரல் நகராது. வாசிக்காதவர்களுக்கு இது புரியாது, விளக்க எனக்குப் பொறுமையும் கிடையாது.

அக்காதான் எங்கள் குழுவின் பாடகி. தொண்டையில் கட்டி. வெள்ளிக்கிழமை ஆபரேஷன், அதற்குப் பிறகு குரல் இருக்காது என்று டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார். அக்காவின் மகளுக்கு மூன்று வயது. அவளைத் தூங்க வைக்க அக்கா தானே கட்டிய பாட்டு ஒன்று உண்டு. அதைப் பதிவு செய்து வைத்துவிட வேண்டும் என்றாள்.

வீட்டில் வெள்ளைக் கிட்டாரில் ஒத்திகை பார்த்தோம். சுருதியை ஏற்றி இறக்கிப் பார்த்து, "இதுக்குக் கீழ போகாதடா. போனா வெறும் காத்துதான் வருது" என்றாள்.

புதன்கிழமை காலை ஸ்டுடியோ. ஒரு தடவைக்கு மேல் அவளால் பாட முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். வெள்ளையை மாட்டி ஒரு கோர்டு தட்டினேன். அந்தப் பளிச்சென்ற சத்தம் சாவு வீட்டில் சிரித்த மாதிரி இருந்தது. கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டுக் கறுப்பை எடுத்தேன்.

கறுப்பின் சுருதியை நான் எப்போதும் அரைக் கட்டை இறக்கித்தான் வைத்திருப்பேன். கம்பி தளர்ந்தால் சத்தம் கனக்கும், எனக்கு அது பிடிக்கும். அன்றைக்குத் துக்கம் முட்டிக்கொண்டு நின்றதில் அது சுத்தமாக மறந்துபோனது. என் காதுக்குக்கூட உறைக்கவில்லை.

முன்னிசை முடிந்தபோது அக்கா என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். முடிக்கும்போது அவள் குரல் கட்டிப்போயிருந்தது. "செம ஃபீல் சார்" என்றார் ஒலிப்பதிவாளர். வாழ்க்கையில் இவ்வளவு நன்றாக வாசித்ததில்லை என்று நானும் நினைத்துக்கொண்டேன். வெட்கக்கேடு.

சனிக்கிழமை பதிவைக் கேட்டேன். ஒவ்வொரு அடியின் முடிவிலும் "குட்டிமணி" என்று மகளைக் கூப்பிடுவாள். பாட்டிலேயே தாழ்ந்த இடம் அதுதான். நான்கு இடத்திலும் மூச்சுதான் கேட்டது. ஒலிப்பதிவாளருக்கு போன் செய்தேன்.

"சுருதிய ஏத்தித் தரலாம் சார். ஆனா அங்க குரலே இல்லையே, எத ஏத்துறது?"

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அக்கா கழுத்தில் கட்டுடன் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"சுருதி எறங்கினது உனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கும். ஏன்க்கா நிறுத்தல?"

பக்கத்தில் கிடந்த நோட்டை எடுத்து எழுதினாள். "நீ அழுதுகிட்டே வாசிச்ச. நிறுத்தச் சொல்ல மனசு வரல."

நான் அழுதது எனக்கே தெரியாது. அவளுடைய கடைசிப் பாட்டைக்கூட என் மனசுக்குத் தகுந்தபடி வளைத்துக்கொண்டேன். அதை அவளிடமே சொன்னேன். அவள் நோட்டை மூடி வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இப்போது தினமும் மத்தியானம் அக்கா அந்தப் பாட்டைப் போட்டுவிட்டு மகளைத் தட்டிக்கொடுக்கிறாள். குழந்தைக்குப் பாட்டு மனப்பாடம். அந்த இடம் வரும்போதெல்லாம், பாதித் தூக்கத்தில், "குட்டிமணி" என்று அவளே தன்னைக் கூப்பிட்டுக்கொள்கிறாள்.