புண் என்றே சொல்லுங்கள்

...புண் என்றுதான் சொல்ல வேண்டும், வயிற்றில் புண், பத்தியமாக இருந்தால் ஆறிவிடும், டாக்டர் அவளை மட்டும் தனியறைக்கு அழைத்துச் சொல்லிக்கொடுத்தது அதுதான், புற்று என்ற பேச்சையே அவரிடம் எடுக்காதீர்கள், மனசு விட்டுவிடுவார், அடுத்த கோடையைப் பார்ப்பது கடினம் என்பது உங்களோடு இருக்கட்டும்... படகு அலையில் ஏறி இறங்கும்போதெல்லாம் அது மசுயோவின் தொண்டைவரை வந்துவிட்டுத் திரும்பியது. எதிர்ப்பலகையில் அவள் கணவர் ஹிசாவோ, உயிர்காப்புச் சட்டை தோளில் நிற்காமல் வழுக்குகிறது, எப்போது இத்தனை ஒடுங்கிப்போனார்? திமிங்கிலம் பார்க்கப் போகலாமா என்று கேட்டதும் அவர்தான், இந்தத் துறைமுகத்தில் முடிதிருத்தும் கடை வைத்து இத்தனை வருஷத்தில் ஒருநாளும் கடலுக்குள் வராதவர், ஒசாகாவிலிருந்து சுற்றிப்பார்க்க வருபவர்கள் பார்க்கட்டும், நமக்கு எதற்கு என்றவர்... வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாரே, உடம்பு அவ்வளவு மோசமா என்று கேட்டுவிட்டால்?

படகுக்காரர் குனிமிட்சு அவருடன் பள்ளியில் படித்தவர், இதே படகில் சூரைமீன் பிடித்தவர், இப்போது ஆட்களை ஏற்றுகிறார். "டேய் ஹிசாவோ, கம்பியக் கெட்டியாப் பிடி. நீ விழுந்தா திமிங்கிலம் கூடத் திங்காது, வெறும் எலும்புதான் இருக்கு" என்றார். ஹிசாவோ சிரித்தார், அவளும் சிரித்தாள், சரியான அளவில்தான் சிரித்தோமா என்று உடனே பயம் வந்தது. டால்பின்கள் வந்தன, படகின் முன்னால் புரண்டு புரண்டு, முன்னே இருந்த இரண்டு பெண்கள் கூவினார்கள், எல்லா முகங்களும் அந்தப் பக்கம் திரும்ப, ஹிசாவோ ஒருவாய் கடித்த சோற்று உருண்டையைக் கைமறைவாகக் கடலில் விட்டார். பார்க்காததுபோல அவளும் டால்பின்களைப் பார்த்தாள். பிறகு, நன்றாக இருந்தது என்று வேறு சொன்னார்... விடியுமுன் எழுந்து குழையக் குழைய வடித்த சோறு.

பறவைக்கூட்டம் தாழ்ந்த இடத்தில் குனிமிட்சு எஞ்சினை நிறுத்தினார். தண்ணீரைப் பிளந்துகொண்டு முதுகு எழுந்தது, கறுப்பாக, முடிவே இல்லாமல், பிறகு அந்த மூச்சு, பெரிய அடுப்பை ஊதியதுபோல, கூடவே மீன் அழுகிய நாற்றம், உயிருள்ள ஒன்றின் உள்ளே இப்படியா நாறும்? அது அமிழ்ந்த பிறகும் எல்லோரும் கம்பியோரமே நின்றார்கள். ஹிசாவோ மட்டும் எழுந்து, கம்பியைப் பிடித்துப் பிடித்து, குனிமிட்சுவிடம் போனார். விழுந்துவிடுவாரோ என்று அவளும் பின்னால் போனாள், படகோட்டும் அறையின் பக்கவாட்டில் அவர் குரல் கேட்டு நின்றாள்.

"அடுத்த வருஷம் இவ தனியா வருவா. பின்னாடியே உக்கார வை, முன்னாடின்னா தலை சுத்தும் அவளுக்கு."

"நீயே கூட்டிட்டு வாயேன்டா." இது குனிமிட்சுவின் குரல்.

"நான் எங்க வர்றது. டாக்டர் அவகிட்ட சொன்னப்ப கதவுக்கு வெளியதான் நின்னேன். நீ ஒண்ணும் காட்டிக்காத. பாவம், கஷ்டப்பட்டு மறைக்கிறா."

எப்படித் தன் இடத்துக்கு வந்தாள் என்று தெரியவில்லை, பலகை ஈரமாக இருந்தது, அதில்தான் உட்கார்ந்திருந்தாள்... அப்படியென்றால் அன்றிலிருந்தே, புண் ஆறிக்கொண்டு வருகிறது என்று ஒவ்வொரு காலையும் அவள் சொல்ல, ஆமாம், இன்று வலி குறைவு என்று அவர் தலையாட்டியது, கஞ்சியை அவள் ஊதி ஊதிக் கொடுக்க அவர் விழுங்கியது, எல்லாம் யாருக்காக? குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அவள் அழுதபோது அவர் எங்கே நின்றிருந்தார்? அழலாமா இப்போது, அழுதால் அவர் சுமந்ததெல்லாம் வீணாகிவிடுமா, அழாவிட்டால் மிச்சமிருக்கும் நாளெல்லாம் இப்படியேதானா? அவர் திரும்பி வந்து, எதிரில் அல்ல, பக்கத்தில் உட்கார்ந்தார். கடலையே பார்த்தார்.

"கேட்டுச்சா?" என்றார்.

திமிங்கிலத்தின் மூச்சைச் சொல்கிறாரா...

"இல்லீங்க, எஞ்சின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

அவர் மெல்லத் தலையாட்டினார். படகின் அடியில் தண்ணீர் மட்டும் தட்டிக்கொண்டிருந்தது, நிறுத்திய எஞ்சினை இன்னும் யாரும் கிளப்பவே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.