தவளைக்குத் துணை

பொடிசுக்கு நாற்பத்தாறு வயது. தலையில் பாதி வெள்ளை, மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலை. இருந்தாலும் வீட்டில் அவள் பொடிசுதான். அப்படிக் கூப்பிடும் உரிமை இப்போது ஒருத்திக்குத்தான் மிச்சம், அவள் அக்காவுக்கு. அப்பாவும் அம்மாவும் போன பிறகு இரண்டாவது மாடியில் அந்த இரண்டறை வீட்டில் அக்காவும் தங்கையும்தான். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று யாராவது வாயைக் கிண்டினால், "நேரம் கிடைக்கல" என்று சொல்லிவிட்டு அக்கா தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

அக்காவின் வேலை துணி வெட்டுவது. சீருடை தைக்கிற கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். கத்திரியை எடுத்தால் அளவு நாடா வேண்டாம். வாயைத் திறந்தால் கத்திரியே வேண்டாம்.

அப்படிப்பட்டவள் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பொடிசு ஒரு கண்ணாடித் தொட்டியைக் கொண்டுவந்து வைத்தாள்.

"என்னடி இது?"

"தொட்டிக்கா. தவளை வளர்க்கப் போறோம்."

"தவளையா? மழை பெஞ்சா வாசல்ல வந்து சும்மா குதிக்குது. அதைக் காசு குடுத்து வாங்குவாங்களா யாராவது?"

"இது அந்தத் தவளை இல்லக்கா. குட்டைத் தவளை. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். தண்ணியை விட்டு வெளியவே வராது. சாகற வரைக்கும் தொட்டிக்குள்ளயேதான்."

"பாவம், என்னை மாதிரி" என்றாள் அக்கா. பொடிசு சிரிக்கவில்லை. அதை அக்கா அப்போது கவனிக்கவில்லை.

வாயில் எவ்வளவு வசவு வந்தாலும் உள்ளுக்குள் அவளுக்குச் சந்தோஷம்தான். கொஞ்ச நாளாகவே தங்கை வீட்டில் இருந்தும் இல்லாத மாதிரி இருந்தாள். சாப்பிட்ட கையோடு போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போவாள். கேட்டால் கடை விஷயம் என்பாள். மூக்குக் கண்ணாடிக் கடையில் அப்படி என்னதான் தலைபோகிற விஷயமோ! இப்போது அவளே இரண்டு பேரும் சேர்ந்து செய்கிற மாதிரி ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறாள். தவளையாக இருந்தால் என்ன, பல்லியாக இருந்தால் என்ன?

சேர்ந்து செய்வது என்றாலும், கை வைத்ததெல்லாம் அக்காதான். "நீயே பண்ணுக்கா, உன் கை பட்டாத்தான் வேலை சுத்தமா இருக்கும்" என்று பொடிசு பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அக்காவுக்கு உச்சி குளிர்ந்துபோனது. கூழாங்கற்களை ஐந்தாறு தண்ணீரில் அலசினாள். சின்னக் கல்லாக இருந்தால் தவளை இரை என்று நினைத்து விழுங்கிவிடுமாம், அதனால் எல்லாம் பெரிய கல். தவளை மேலே வந்துதான் மூச்சு விட்டுப் போகும் என்பதால் தண்ணீர் ரொம்ப உயரம் இருக்கக் கூடாது. குழாய்த் தண்ணீரில் மருந்து வாடை போக, அதற்கென்று கடையில் விற்கிற திரவம் நாலு சொட்டு ஊற்ற வேண்டும். காற்று பம்ப் மெதுவாக ஓட வேண்டும், தண்ணீர் அலைந்தால் அதற்குப் பிடிக்காது. இதெல்லாம் பொடிசு கடையில் கேட்டு வந்து ஒப்பித்த சட்டங்கள்.

மூடிதான் முக்கியம் என்றாள் பொடிசு. ஒரு விரல் சந்து கிடைத்தாலும் ஏறி வெளியே விழுந்து காய்ந்து செத்துவிடும். கடையில் விற்ற மூடியை அக்கா கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதை வெட்டினவனுக்கு என் செக்‌ஷன்ல வேலை கிடையாது" என்று தூக்கி ஓரமாக வைத்தாள். வலைத்துணி வாங்கி, ஓரம் மடித்து, எலாஸ்டிக் கோத்து, தானே ஒரு மூடி தைத்தாள். தொட்டியின் வாயில் அது தோல் மாதிரி ஒட்டிக்கொண்டது.

உடனே தவளையை விடவும் கூடாதாம். தண்ணீர் பக்குவப்பட சில வாரம் காலித் தொட்டியை ஓட்ட வேண்டும். "ஆளில்லாத வீட்டுக்கு லைட்டு, ஹீட்டர், ஏசி. இவங்க எப்ப குடி வர்றாங்களாம்?" என்று தினமும் கேட்டபடியே அக்கா தண்ணீரைச் சோதித்துக்கொண்டிருந்தாள்.

ஒருவழியாகத் தவளைகள் வந்தன. இரண்டு. "ஒண்ணு போதாதா?" என்றதற்கு, "ரெண்டாத்தான் வாங்கணும்" என்று மட்டும் சொன்னாள் பொடிசு. ஒன்று குண்டன், மற்றது ஒல்லி. முதல் நாளே கம்பெனியிலிருந்து வந்த அக்கா, குண்டன் கைகாலை விரித்துப் போட்டுத் தண்ணீரில் ஆடாமல் அசையாமல் மிதப்பதைப் பார்த்து, "போச்சுடி, செத்துப்போச்சு!" என்று கூச்சல் போட்டாள். குண்டன் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி மிதந்தான். அவனுக்கு அது ஓய்வாம். பொடிசு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தங்கை அப்படிச் சிரித்து எத்தனையோ நாள் ஆகிவிட்டது என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

இரை கொடுப்பதுதான் பெரிய பாடு. கண் சரியாகத் தெரியாத ஜென்மங்கள். பனிக்கட்டியாக உறைந்த புழுவைக் கரைத்து, இடுக்கியில் எடுத்து, மூக்குக்கு நேரே நீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதையும் பொடிசு செய்ய மாட்டாள். "உன் கைக்குப் பழகட்டும்க்கா." பழகிவிட்டது. கொஞ்ச நாளில் அக்காவின் நிழல் விழுந்தாலே இரண்டும் கண்ணாடியோரம் வந்து நின்றன. கம்பெனியில் இருந்து அவள் நேரே வீட்டுக்கு வர ஆரம்பித்தாள்.

புழு தீர்ந்துபோன ஒரு மாலை, பொடிசு வர நேரமாகும் என்று போன் செய்ததால், அக்காவே அந்த வண்ண மீன் கடைக்குப் போனாள். கடைக்காரர் சொட்டைத் தலை, சிரித்த முகம். குட்டைத் தவளைக்கு என்றதும் முகம் இன்னும் மலர்ந்தது.

"ஓ, நீங்கதான் அந்த அக்காவா? தவளைங்க நல்லாருக்கா? உங்க தங்கச்சி மாதிரி ஒருத்தரை நான் பார்த்ததில்லைங்க. நான் கல்யாணமாகிப் போயிட்டா அக்கா ஒண்டியாயிடுவாங்க, அவங்களுக்குப் பொழுது போகணும், நல்லதா ஒண்ணு சொல்லுங்கன்னு வந்து நின்னாங்க. முதல்ல கிளியைக் காட்டினேன். வேணாம்னுட்டாங்க. மீனைக் காட்டினேன், சீக்கிரம் செத்துப்போனா அக்கா தாங்க மாட்டாங்கன்னாங்க. இது அஞ்சு வருஷம் தாங்கும்னேன். அப்ப சரி, அக்கா ரிட்டயர் ஆகற வரைக்கும் வந்துடும்னாங்க. அவ்வளவு பாசம்!"

காசு எடுக்கப் பர்ஸுக்குள் விட்ட கையை அக்கா வெளியே எடுக்கவில்லை.

"கல்யாணம் அடுத்த மாசம்தானே? மாப்பிள்ளையும் தங்கமானவர். கண்ணாடிக் கடைங்களுக்கு ஃபிரேம் சப்ளை பண்றாராமே. தொட்டியை அவர்தான் தூக்கிட்டுப் போய் கார்ல வச்சார்."

"ஆமா" என்றாள் அக்கா. "அடுத்த மாசம்தான்." புழுவை வாங்கிக்கொண்டு, சில்லறையைச் சரிபார்க்காமல் வெளியே வந்தாள். வாழ்நாளில் அவள் சில்லறை சரிபார்க்காமல் வந்தது அன்றுதான்.

நடக்க நடக்க அதையே நினைத்தாள். தங்கை கல்யாணம் செய்துகொள்வதில் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை, நாற்பத்தாறிலும் செய்துகொள்ளலாம், அறுபத்தாறிலும் செய்துகொள்ளலாம். ஆனால் மீன் விற்கிறவனுக்குத் தெரிந்தது கூடப் பிறந்தவளுக்குத் தெரியவில்லை. கூழாங்கல் அலசியது, மூடி தைத்தது, இடுக்கியைப் பிடித்துக் கை கடுத்தது, எல்லாம் விளையாட்டு என்று நினைத்தாளே! தன்னை ஒண்டியாக விட்டுப் போவதற்குத் தன் கையாலேயே வேலை வாங்கியிருக்கிறாள். நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்றால் இதுதான்.

வீட்டுக்கு வந்ததும் புழு கரைந்துவிடும் என்று முதலில் அதை ஃபிரீசரில் வைத்தாள். பிறகு பொடிசின் ஸ்டூலில் உட்கார்ந்தாள். கதவு திறந்தது.

"கிளி ஏன்டி வேணாம்னே?" என்றாள்.

ஒரு கால் செருப்பைக் கழற்றிய பொடிசு மற்றக் காலோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"கிளி பேசும். ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் என்கிட்ட சொல்லித் தொலைச்சிடும். தவளைன்னா வாயைத் திறக்காது. அதானே?"

"சொல்லணும்னுதான் இருந்தேன்க்கா. எத்தனையோ தடவை வாய் வரைக்கும் வந்துச்சு. உன் வாய்க்குப் பயந்து..."

"என் வாய்க்குப் பயந்து என் கண்ணைக் கட்டினியா? என்னைக்குச் சொல்றதா இருந்தே? பெட்டியைத் தூக்கிட்டுப் படியிறங்கறப்பவா?"

பொடிசு அழ ஆரம்பித்தாள். அவளுக்கு அழுகை எப்போதும் சுலபமாக வரும். அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எங்கேயோ பார்த்த அழுகையாக இருந்தது.

போன வருஷம் பார்த்தது. வேறு ஊரில் திறந்த புது யூனிட்டுக்குத் தலைமைப் பொறுப்பு, தங்க வீடு, கீழே முப்பது பேர் என்று முதலாளி அக்காவைக் கூப்பிட்டார். அன்றைக்குப் பொடிசு அவள் மடியில் தலைவைத்துத் தேம்பினாள். நீ போயிட்டா எனக்கு யாருக்கா இருக்கா என்றாள். அக்கா மறுநாளே போய் முடியாது என்று சொல்லிவிட்டாள். ஒரு நாள்கூட அதைச் சொல்லிக் காட்டவில்லை. அவளுக்குக் கீழே வேலை பார்த்தவர்தான் அந்த இடத்துக்குப் போனார்.

"அவரை எவ்வளவு நாளாத் தெரியும்?"

பொடிசு மூக்கை உறிஞ்சினாள்.

"கேக்கறேன்ல?"

"ரெண்டு வருஷமா."

"அப்ப, நீ என் மடியில படுத்து அழுதப்ப அவர் இருந்தார்."

"இருந்தார். ஆனா அப்ப எதுவும் நிச்சயமில்லக்கா. அவர் சரின்னு சொல்வாரான்னே தெரியாது. நீயும் போயி, அவரும் இல்லன்னு ஆயிட்டா, நான் நடுத்தெருவுல..." சொல்ல வந்ததை முடிக்கும் முன்பே என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

அக்காவுக்கும் புரிந்தது. சட்டையின் உள்பக்கம் ஓரத்தில் ஒரு பட்டன் உபரியாகத் தைத்து வைப்பார்கள். மேலே இருப்பது அறுந்தால் ஆகும் என்று. ஆயிரக்கணக்கான சட்டைக்கு அவளே அதற்கு இடம் குறித்துக் கொடுத்திருக்கிறாள். மேல் பட்டன் அறுந்து விழாவிட்டால் அது உள்ளேயே கிடக்கும், யாரும் அதைத் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

கத்த வேண்டும் என்று நினைத்தாள். ஊரைக் கூட்டும் அந்தச் சத்தம் அன்றைக்குப் பார்த்து வரவில்லை.

"சரி, போ" என்றாள். "யார் வேணாம்னா? போய் நல்லா இரு."

எழுந்து சமையலறைக்குப் போய் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுத்து வந்தாள். தொட்டியின் எலாஸ்டிக் மூடியை உருவினாள். சின்ன வலையைத் தண்ணீருக்குள் விட்டாள். நிழலைப் பார்த்து இரை என்று நினைத்து இரண்டும் ஆசையாக ஓடிவந்தன.

"என்னக்கா பண்றே?"

"நீ வாங்கினதுதானே? ஆளுக்கு ஒண்ணு. குண்டனை நீ எடுத்துட்டுப் போ. ஒல்லி எனக்குப் போதும்."

பொடிசு ஒற்றைச் செருப்போடு ஓடிவந்து அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தாள். "ஐயோ, வேணாம்க்கா! பிரிக்காதே. ஒத்தையா விட்டா அது சாப்பிடாதுக்கா, ஏங்கி ஏங்கியே செத்துப்போயிடும்."

சொன்னவளின் கை மணிக்கட்டிலேயே இருந்தது. அக்கா தண்ணீரைப் பார்க்காமல் தங்கையின் முகத்தைப் பார்த்தாள்.

"தெரிஞ்சிருக்கு உனக்கு" என்றாள்.

கையை விடுவித்துக்கொண்டு, வலையை வெளியே எடுத்து உதறிவிட்டு, மூடியைப் பழையபடி இழுத்து மாட்டினாள்.