வாலுவுக்கு மாத்திரை

ரொட்டிக் கடையில் கேக் மாஸ்டராக வேலை பார்த்தவர், தன் மகள் இனிப்பைத் தொடவே கூடாது என்று சட்டம் போட்டார். எட்டு வயது. வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். வகுப்பில் ஒரு இடத்தில் உட்கார மாட்டாள். ஒருநாள் வண்டி வருவதைப் பார்க்காமல் தெருவுக்குள் ஓடி, மயிரிழையில் தப்பினாள்.

ஏடிஹெச்டி, கவனம் ஓரிடத்தில் நிற்காத குறைபாடு என்றார் டாக்டரம்மா. மாத்திரை எழுதித் தந்தார்.

"சின்னப் புள்ளைக்கு மூளைக்கு மாத்திரையா? நான் உயிரோட இருக்கிற வரைக்கும் நடக்காது" என்றார் மாஸ்டர்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள் அவர் மனைவி. "ஏங்க, கண்ணு தெரியலைன்னா கண்ணாடி போடறதில்லையா?" என்று கேட்டுப் பார்த்தாள்.

"கண்ணாடியைக் கழட்டி வெச்சிடலாம். இது உள்ள போறது."

அவள் மாத்திரைச் சீட்டை மடித்து அலமாரியில் வைத்தாள்.

மாத்திரைக்குப் பதிலாகச் சாப்பாட்டை மாற்றினார். முதலில் சர்க்கரை போயிற்று. பிறகு கலர் போட்டதெல்லாம், பால், கோதுமை. மாஸ்டரும் அதையேதான் சாப்பிட்டார். நாளெல்லாம் க்ரீம் பூசிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் மகளைத் தொடுவார். வாலு கொஞ்சம் அடங்கினாற்போல இருந்தது. அடங்கினாளா, அடங்கியதாக அவர் நினைத்துக்கொண்டாரா, அவருக்கே தெரியாது.

பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். பக்கத்துப் பெண்ணின் டிபன் பாக்ஸிலிருந்து கேக்கை எடுத்து, கழிவறையில் ஒளிந்து தின்றிருக்கிறாள். "திருடி" என்று பிள்ளைகள் கத்தியதும் ஒருத்தியைப் பிடித்துத் தள்ளியிருக்கிறாள்.

மாஸ்டர் போய் அழைத்து வந்தார். வீட்டுப் படியேறும்போது வாலு அவர் கையை இழுத்தாள்.

"அப்பா, நீ குடுக்கிறதத்தானே இத்தனை நாளும் சாப்பிட்டேன்? அப்புறம் ஏன் நான் இன்னும் கெட்ட புள்ளையாவே இருக்கேன்?"

மறுநாள் மாஸ்டர் தனியாக டாக்டரம்மா முன்னால் போய் உட்கார்ந்தார்.

"முன்னெல்லாம் கடையிலேருந்து தெனம் எதாவது கொண்டு வந்து குடுப்பேன், டாக்டர். நான்தான் இதை வர வெச்சேனா?"

"இல்லைங்க. கேக்கால வர்றது இல்ல இது. நல்ல சாப்பாடு எல்லாப் புள்ளைக்கும் வேணும். இவளுக்கு அது மட்டும் போதல, அவ்வளவுதான்."

அவர் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார்.

மாத்திரை ஆரம்பித்ததும் பசி போயிற்று. மதியச் சாப்பாடு அப்படியே திரும்பி வந்தது. வாலுவின் கன்னம் ஒட்டியதைப் பார்த்து இப்போது மனைவிதான் ஆடிப்போனாள். "நிறுத்திடலாமாங்க?"

"நாமளா எதுவும் பண்ண வேணாம். கேட்டுட்டுப் பண்ணலாம்" என்றார் மாஸ்டர்.

டாக்டரம்மா அளவைக் குறைத்தார். சாயங்காலம் மருந்தின் வேகம் தணிந்ததும் வாலுவுக்குப் பசிக்கும். மாஸ்டர் அதற்குள் வேலை முடித்து ஓடி வந்து, சுடச்சுடச் சமைத்துப் போடுவார்.

அப்படி ஒரு சாயங்காலம், டீச்சர் சொன்ன கதையை வாலு அவருக்குச் சொன்னாள். காட்டில் வழி தப்பிய யானைக்குட்டியின் கதை. அவள் ஆரம்பித்த எந்தக் கதையும் இதுவரை பாதியைத் தாண்டியதில்லை. குட்டி ஆற்றைக் கடந்தது, மழையில் நனைந்தது, கடைசியில் அம்மாவிடம் சேர்ந்தது. மாஸ்டர் கரண்டியைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்புறம்?"

"அவ்வளவுதான்ப்பா. முடிஞ்சிடுச்சு" என்றாள் வாலு.