ஒளு முடியாத வெள்ளிக்கிழமை

தானிமுவின் மகள் ஸுவைராவுக்கு அன்று நிக்காஹ். கட்சினா ஊரில் வழக்கம் ஒன்றுதான். ஜும்ஆ தொழுகை முடிந்த கையோடு பள்ளிவாசலில் பெயரைக் கூப்பிடுவார்கள். பெண்ணைப் பெற்றவர் எழுந்து போய் இமாமுக்கு எதிரில் உட்கார்ந்து, "என் மகளைக் கொடுத்தேன்" என்று தன் வாயால் சொல்ல வேண்டும். மூன்றே வார்த்தை. அந்த மூன்று வார்த்தைக்காக மனுஷர் காலை ஒன்பது மணியிலிருந்து, தொழுகைக்கு முன் செய்யும் ஒளுவுக்காகக் கைகால் கழுவிக்கொண்டிருந்தார்.

"இது எத்தனாவது கெண்டிங்க?" என்று முற்றத்துக்கு வந்து கேட்டாள் மனைவி ரக்கியா. உள்ளே பெண்கள் கூட்டம், குலவைச் சத்தம் காதைப் பிளந்தது.

"ரெண்டாவது."

"அஞ்சாவது. நான் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன். தண்ணி வண்டிக்காரன் இனிமே நாளைக்குத்தான் வருவான். வந்திருக்கிற பொம்பளைங்க குடிக்க வேணாமா?"

"முழங்கை ஓரம் நனையலைன்னு தோணுச்சு."

"தோணும். உங்களுக்குத் தோணாத நாள் எது? இன்னிக்கு ஒரு நாளைக்குத் தோணுறதை எல்லாம் தூக்கி அடுப்புல போடுங்க. அங்க நீங்க இல்லாம என் பொண்ணை வேற யாராவது கொடுத்தாங்கன்னா, அப்படியே கடைக்குப் போய்ப் படுத்துக்கோங்க. இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

மருதாணி காயப் பிளாஸ்டிக் பை சுற்றிய கைகளோடு ஸுவைரா அறை வாசலில் நின்றாள். "பாபா, நேரத்துக்குப் போயிடுவீங்கல்ல?"

"போயிடுவேன்மா. நான் போகாம யார் போவா?"

சொல்லும்போதே கண் முழங்கைக்குப் போயிற்று. பாவம், அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

இந்தப் பாழாய்ப்போன வியாதி அவருக்குப் பிறவியிலிருந்து வந்ததல்ல. தானிமு டயர் பஞ்சர் ஒட்டுபவர். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கடை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மூளைக்காய்ச்சல் ஊரைச் சூறையாடியபோது அவருடைய ஒன்பது வயது மகன் ஸகீர் ஒரே ராத்திரியில் போய்விட்டான். கடையில் இருந்தவரை யாரோ மோட்டார் சைக்கிளில் ஏற்றி நேரே பள்ளிவாசலுக்குக் கொண்டுவந்தார்கள். பிள்ளையின் ஜனாஸா தொழுகைக்குத் தயாராக இருந்தது. அவசர அவசரமாக ஒளு எடுத்து, முதல் வரிசையில் நின்று தொழுது, பிள்ளையைக் குழியில் இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தார். யாரோ தட்டைக் கையில் வைத்தார்கள். அப்போதுதான் பார்த்தார்: வலது கட்டைவிரல் முழுக்க டியூப் ஒட்டும் சொலூஷன் காய்ந்து தோல் மாதிரி மூடியிருந்தது. தண்ணீர் அதற்கடியில் போயிருக்க வழியே இல்லை. தண்ணீர் படாவிட்டால் ஒளு இல்லை, ஒளு இல்லாவிட்டால் தொழுகையும் இல்லை.

"மத்தவங்க தொழுதாங்களே, கடமை நிறைவேறிடுச்சு" என்றார் இமாம் மாலம் பலராபே.

"அவங்க தொழுதாங்க மாலம். பெத்தவன் நான் தொழலையே" என்று தானிமு அழுதார்.

அன்றைக்குப் பிடித்தது. விரலில் ஆரம்பித்து முழங்கைக்கு ஏறி, அங்கிருந்து குதிகாலுக்கு இறங்கியது. நனையாமல் விட்ட குதிகாலுக்கு நெருப்பு என்று சின்ன வயதில் ஓதும்போது கேட்டிருந்தார். கேட்டவர்கள் எல்லோரும் மறந்துவிட்டுப் பிழைக்கிறார்கள், இவருக்கு மட்டும் அது காதுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டது. மாலம் ஒருநாள் பொறுமையாக உட்காரவைத்துச் சொல்லிக்கூடப் பார்த்தார்.

"எப்பவாவது சந்தேகம் வர்றவன் திரும்பக் கழுவணும். உன்னை மாதிரி ஓயாம சந்தேகம் வர்றவன் அதைக் கண்டுக்கவே கூடாது. உனக்கு அதுதான் சட்டம். புரியுதா?"

"நல்லாப் புரியுது மாலம். ஆனா நான் அந்த ஓயாம வர்ற ஆளுதானான்னு ஒரு சின்னச் சந்தேகம்."

மாலம் எழுந்து போய்விட்டார்.

வெள்ளிக்கிழமைக்கு வருவோம். ஏழாவது கெண்டியோடு ஒருவழியாக ஒளு முடிந்து, கஞ்சி போட்டுத் தேய்த்த நீல அங்கியை மாட்டிக்கொண்டு தானிமு கிளம்பினார். பள்ளிவாசலுக்குப் பத்து நிமிஷ நடை. பாதி வழியில், மாவு மில் திரும்பும் இடத்தில், வயிற்றுக்குள் ஏதோ புரண்டது. காற்றுப் பிரிந்ததா, பிரியவில்லையா? நின்றார். யோசித்தார். சத்தம் இல்லை, வாடை இல்லை. ஆனாலும் இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியுமா? காலையில் தின்ற பயற்று வடையை மனசாரத் திட்டினார். பிரிந்திருந்தால் ஒளு போயிற்று. சரி, பள்ளிவாசலில் தண்ணீர் இல்லாமலா போய்விடும், நேரம் இருக்கிறது என்று தன்னையே தேற்றிக்கொண்டு வேகமாக நடந்தார்.

பள்ளிவாசலின் பக்கவாட்டில் சிமெண்டுத் திண்டுகள் வரிசையாக இருக்கும். ஆளுக்கொரு பிளாஸ்டிக் கெண்டி. நிரப்பிக்கொண்டு உட்கார்ந்தார். மணிக்கட்டு வரை மூன்று தரம். வாய், மூக்கு, முகம். வலது கை, இடது கை. உள்ளே மாலம் குத்பா பிரசங்கத்தை ஆரம்பித்துவிட்டார். தலையைத் தடவினார், காதைத் தடவினார். வலது கால் முடிந்தது. இடது குதிகாலில் ஒரு வெடிப்பு. அந்த வெடிப்புக்குள் தண்ணீர் போனதா?

சட்டைப்பையில் போன் அடித்தது. ரக்கியாதான், வேறு யார். ஈரக் கையோடு எடுக்க முடியவில்லை. அடித்து ஓய்ந்தது, திரும்ப அடித்தது. அந்தச் சத்தத்தில் எத்தனை தரம் ஊற்றினோம் என்ற கணக்கு விட்டுப்போயிற்று. கணக்கு விட்டால் முதலிலிருந்து. கெண்டியைத் திரும்ப நிரப்பினார்.

பக்கத்தில் கழுவிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து உள்ளே போனார்கள். தொழுகை தொடங்குவதற்கான இகாமத் சொன்னார்கள். "அல்லாஹு அக்பர்" என்று மாலமின் குரல் எழுந்தது. ஜும்ஆவுக்கு இரண்டே ரக்அத்; முதல் சுற்று போகட்டும், இரண்டாவதில் சேர்ந்துகொள்ளலாம். கடவாய்ப்பல்லைக் கடித்துக்கொண்டு ஊற்றினார். ஊற்றிய அவசரத்தில் தண்ணீர் பாதி தரையில் கொட்டியது. இரண்டாவது ரக்அத்தும் போயிற்று. உள்ளே ஸலாம் கொடுத்தார்கள். ஊரே தொழுது முடித்துவிட்டது. இவர் இன்னும் இடது காலில் இருந்தார்.

ஐயோ, எழுந்து போய்யா என்று கத்த வேண்டும் போலிருக்கும், பார்த்திருந்தால். அவரும் அதையேதான் தனக்குள் கத்திக்கொண்டிருந்தார். உடம்பு கேட்கவில்லை.

அன்று நான்கு நிக்காஹ். ஸுவைராவுடையது இரண்டாவது. மாப்பிள்ளை வீட்டார் எல்லைக்கு அந்தப் பக்கம் மராடியிலிருந்து வந்தவர்கள். இருட்டுவதற்குள் எல்லை தாண்டியாக வேண்டும். ஒலிபெருக்கியில் முதல் நிக்காஹ் தொடங்கியதும், அண்ணன் காம்போ செருப்பைக்கூடப் போடாமல் வெளியே ஓடிவந்தார். வெள்ளை அங்கி, வேர்த்து வழியும் முகம்.

"டேய் தானிமு! உன்னை உள்ள சல்லடை போட்டுத் தேடுறேன். இங்கயா உக்காந்திருக்க? எந்திரி, எந்திரி. அடுத்தது நம்ம பேரு."

"ஒரு நிமிஷம்ணே. இந்தக் கால் மட்டும்."

"காலாவது கையாவது! தொழுகை முடிஞ்சுபோச்சு. மதியத்து லுஹர் தொழுகையை அப்புறம் தனியாத் தொழுதுக்க. நிக்காஹுக்கு ஒளுவே வேணாம்டா. யாரைக் கேட்டாலும் சொல்வான். ஈரக் காலோட வா."

"தெரியும்."

"தெரிஞ்சா ஏன் உக்காந்திருக்க?"

தானிமு கெண்டியைக் கீழே வைக்கவில்லை. "அன்னிக்குப் புள்ளைக்குச் சுத்தமில்லாமப் போய் நின்னேன்ணே. அவனுக்கு நான் செய்ய வேண்டிய கடைசி வேலை அது. அதுலயே கோட்டை விட்டேன். இவளுக்கும் அப்படிப் போய் உக்கார என்னால முடியாது. பயமா இருக்கு. அழுக்குக் கையால கொடுத்து அவளுக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

காம்போவுக்கு முகம் மாறிவிட்டது. திட்ட வந்தவர் தம்பியின் தோளைப் பிடித்தார். "யாருக்கும் ஒண்ணும் ஆகாதுடா. வாடா. நான் கையைப் பிடிச்சுக்கிறேன். கண்ணை மூடிக்கிட்டு வா."

தானிமு எழுந்தார். உண்மையாகவே எழுந்தார். இரண்டு அடி வைத்தார். பள்ளிவாசல் வாசலில் பாய் விரிப்பு ஆரம்பிக்கும் இடத்தில் இடது காலைத் தூக்கினார். ஈரச் சுவடு தரையில் பதிந்திருந்தது. விரல்கள், பாதம், எல்லாம் தெரிந்தன. குதிகால் பதிந்த இடம் மட்டும் வெளிறிக் கிடந்தது. தரை மேடோ பள்ளமோ, யார் கண்டது. தானிமு திண்டுக்கே திரும்பிவிட்டார்.

ஒலிபெருக்கி கூப்பிட்டது: "ஸுவைரா தானிமு. பொண்ணு வீட்டுக்காரங்க முன்னால வாங்க."

"தானிமு, கெஞ்சிக் கேக்கிறேன்டா."

"ஒரே நிமிஷம்ணே, காத்திருக்கச் சொல்லுங்க."

"இன்னும் ரெண்டு நிக்காஹ் வரிசையில நிக்குது. மராடிக்காரங்க ஏற்கெனவே மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்காங்க. பொண்ணோட அப்பன் ஓடிட்டான், கொடுக்க மனசில்லைன்னு பேசினா அவ மானம் என்னாகும்?"

இரண்டாம் முறை கூப்பிட்டார்கள். உனக்குப் பதிலா நான் கொடுக்கட்டுமா என்று கேட்கக் காம்போவுக்கு வாய் வரவில்லை. தம்பி வாயிலிருந்து அனுமதி வராமல் அவரால் ஒரு அடி எடுத்து வைக்க முடியாது. மூன்றாம் முறை கூப்பிட்டார்கள்.

தானிமு தலையைக் குனிந்தபடியே சொன்னார். "நீங்களே கொடுத்துடுங்கண்ணே. என் சார்பா. நான் அனுமதி தர்றேன்."

காம்போ கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினார்.

அவசரமெல்லாம் இனி என்ன? தானிமு திண்டில் உட்கார்ந்து நிதானமாக முதலிலிருந்து ஆரம்பித்தார். தலைக்கு மேலே ஒலிபெருக்கி. மாலம் கேள்வி கேட்பது காதில் விழுந்தது. பிறகு அண்ணனின் குரல், உடைந்து, திணறி: "என் மகளைக் கொடுத்தேன்." பொய்யில்லை, நம் ஊரில் தம்பி மகளும் மகள்தான். மாப்பிள்ளை தரப்பு ஏற்றுக்கொண்டது. கூட்டம் முழுக்க துஆவுக்கு ஆமீன் சொன்னது. தானிமுவும் சொன்னார், கேட்கத்தான் யாரும் இல்லை.

ஜனங்கள் சிரித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். தடித்த மராடிக்காரர் ஒருவர், விசேஷத்தில் மெல்லக் கொடுக்கும் கோலாக்கொட்டையைத் தட்டு நிறைய வைத்துக்கொண்டு எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தபடி திண்டு வரைக்கும் வந்துவிட்டார். தானிமுவின் ஈரக் கையிலும் இரண்டை வைத்தார்.

"சந்தோஷமா மெல்லுங்க! நல்ல காரியம் நல்லபடியா முடிஞ்சுது. நீங்க எந்தப் பக்கம்?"

"பொண்ணு வீடு."

"அப்படியா! பொண்ணோட அப்பாவைப் பாத்தீங்களா உள்ள? என் வாழ்நாள்ல அப்படி ஒரு மனுஷனைப் பாத்ததில்லை. 'கொடுத்தேன்'னு சொல்றதுக்குள்ள குழந்தை மாதிரி அழுதுட்டாரு. எங்க ஆளுங்களுக்கே கண்ணு கலங்கிடுச்சு. குடுத்துவச்ச பொண்ணு."

தானிமுவின் போன் மறுபடி அடிக்க ஆரம்பித்தது. அவர் அதை எடுக்காமல் கையில் இருந்த கொட்டைகளைப் பார்த்தார்.

"நான் பாக்கலைங்க" என்றார். "ஒளு எடுத்துக்கிட்டு இருந்தேன்."

"இன்னுமா?" என்று மராடிக்காரர் சிரித்துவிட்டு, அடுத்த ஆளிடம் தட்டை நீட்டினார்.