ஒன்றின் விலைக்கு ஐந்து உளி

கந்தப்புவின் வலது மணிக்கட்டு மூன்று நாளாக வீங்கியிருந்தது. சம்மட்டி தூக்குகிறவனுக்குத் தோள் நோவது புதினமில்லை. அந்த நோவோடு அவன் இருபத்தைந்து வருசமாகப் படுத்து எழும்புகிறான். இது வேறு நோவு. நல்ல உளியில் அடித்தால் அடி கல்லுக்குள் இறங்கிப் போய்விடும். கூடாத உளியில் அடித்தால் போக்கிடம் இல்லாமல் திரும்பி, அடித்தவன் கைக்குள்ளேயே ஏறும். மத்தியானச் சோற்றைப் பிசையக் கூட விரல் மடங்கவில்லை. இடக்கையால் அள்ளித் தின்றான். தின்னும்போதும் கிணற்றுக்கார மனேச்சரைத்தான் வைதான்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு ஆவணி மாதம். சுன்னாகத்துக்குக் கிழக்கே ஒரு வெங்காயத் தோட்டத்துக் கிணறு. தண்ணீர் அடியோடு வற்றும் அந்த ஒரு மாதத்துக்குள் இன்னும் இரண்டு முழம் இறக்கவேண்டும். முந்தியென்றால் வெடி வைத்துப் பிளப்பார்கள். இப்போது சண்டைக்காலம், வெடிமருந்து என்ற சொல்லை வாயில் எடுக்கவே ஏலாது. எல்லாம் கையால்தான். ஒருவன் குந்தியிருந்து உளியைப் பிடிப்பான். மற்றவன் நின்று சம்மட்டியால் அடிப்பான். துளை ஆழமானதும் அலவாங்கைக் கொடுத்துக் கல்லைப் பெயர்ப்பார்கள். கூலி முழத்துக்கு. கல் இறங்கினால் சோறு, இறங்காவிட்டால் இல்லை.

உளி பிடித்தவன் சிமியோன். மயிலிட்டிக் கடலில் வளர்ந்தவன். இரண்டு வருசத்துக்கு முன் ஊரை விட்டு எழும்பி, பெண்சாதி றோசோடு மல்லாகத்தில் ஒரு கிடுகுக் கொட்டிலில் இருந்தான். கடலுக்குப் போக விடமாட்டார்கள் என்றதும் கிணற்றுக்குள் இறங்கியவன். கடல் திறந்தால் அடுத்த நாளே உளியை எறிந்துவிட்டுப் போய்விடுவேன் என்று தினமும் ஒருதரமாவது சொல்லுவான்.

கிணறு வெட்டுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சம்மட்டியும் அலவாங்கும் வேலைகாரனுடையது. உளி கிணற்றுக்காரனுடையது. உளி தேய்கிற சாமான். எவன் கிணற்றில் தேய்கிறதோ அவன்தான் அதைக் கொடுக்கவேண்டும்.

இந்தக் கிணற்றுக்காரர் சிவசுப்பிரமணியம். கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சராக இருந்து இளைப்பாறியவர். பேர் சொன்னால் ஊரில் யாருக்கும் தெரியாது, மனேச்சர் என்றால் தெரியும். அவர் சுன்னாகம் சந்தையில், சாக்கு விரித்துப் பழைய இரும்பு விற்ற ஒருவனிடம் ஐந்து உளி வாங்கிவந்தார். ஐந்துக்கும் பளபளவென்று நீலப் பெயின்ற். கந்தப்பு ஒன்றை எடுத்து நகத்தால் சுரண்டிப் பார்த்தான். வீட்டுக்குக் கொங்கிறீற் பிளாற் போடுகிற கம்பி. சாண் நீளத்துக்கு வெட்டி, முனையைத் தட்டி, பெயின்ற் அடித்திருந்தார்கள். நெருப்பில் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்த அடையாளம் எதுவும் இல்லை.

இதால் கல்லுடைக்க ஏலாது, கொல்லனிடம் ஒன்றென்றாலும் அடிப்பித்துத் தாருங்கள் என்று கந்தப்பு பணிவாகத்தான் கேட்டான்.

"கொல்லன்ரை ஒண்டின்ரை விலைக்கு இது அஞ்சு," என்றார் மனேச்சர். "ஒண்டு மழுங்கினா மற்றதை எடு. கணக்குத் தெரியாதவன் மாதிரிக் கதையாதை."

"அஞ்சு மொட்டையைச் சேர்த்துக் கட்டினா ஒரு கூர் வருமோ, ஐயா?"

மனேச்சர் சிரித்தார். சிரித்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

மூன்று நாளில் இறங்கியது ஒரு சாண். முனைகள் வாழைப்பழம் போல வளைந்தன. நிமிர்த்தித் தட்டினால் மறுபடி வளைந்தன. சுண்ணாம்புக் கல் வெள்ளையாகப் பல்லைக் காட்டிக்கொண்டு அப்படியே கிடந்தது.

கந்தப்புவின் வீட்டுக் கூரை வளையில், எண்ணெய்ச் சாக்கில் சுற்றி, மூன்று உளி இருந்தன. லொறி வில்லுத் தகட்டில் நெல்லியடிக் கொல்லன் ஒருவன் அடித்துக் கொடுத்தவை. கல்லில் வைத்தால் மணி மாதிரிக் கேட்கும். முதலில் நான்கு இருந்தன. போன வருசம் ஒரு கிணற்றுக்காரனுக்கு இரங்கி அதில் ஒன்றைக் கொண்டுபோய் அடித்தபோது அது வெடிப்புக்குள் இறுகி முறிந்துபோனது. உன்னுடைய உளி, உன்னுடைய நட்டம் என்று அவன் கையை விரித்துவிட்டான். பொருளாதாரத் தடையால் வெளியிலிருந்து இரும்புத் துண்டொன்றும் வராத காலம். அன்றைக்குக் கந்தப்பு சத்தியம் பண்ணினான்: இனி எவன் கிணற்றுக்கும் என் உளி இறங்காது.

இது சிமியோனுக்கும் தெரியும். மூன்றாம் நாள் பொழுதுபட, கயிற்றில் ஏறி மேலே வந்ததும் கேட்டான்.

"அண்ணை, அந்த மூண்டிலை ஒண்டைக் கொண்டருவமே. ரெண்டு நாளிலை முடிச்சிட்டுப் போகலாம்."

"மனேச்சர் மிச்சம் பிடிக்கிறதுக்கு என்ரை உளி தேயவோ?"

"உங்கடை உளி வளையிலை கிடந்து குட்டி போடப்போகுதோ?"

சிமியோன் சிரித்துக்கொண்டு சைக்கிளை எடுத்தான். அவனுக்குக் கோபமே வராது. அதுவும் கந்தப்புவுக்கு எரிச்சலாக இருந்தது. மனேச்சரிடம் நியாயம் கேட்கத் துணைக்கு ஒரு ஆளில்லை.

நாலாம் நாள் காலை. ஐந்து உளிகளின் தலையும் விரிந்து மடிந்து, ஓரம் கிழிந்து தொங்கின. சிமியோன் ஒன்றைத் தூக்கிக் காட்டினான்.

"கணவாய்த் தலை மாதிரிப் போச்சு, அண்ணை. உங்கடை அரத்தைத் தாங்கோ, ரெண்டு இழுப்பு இழுத்துவிடுறன்."

விரிந்த தலையில் அடிக்கக்கூடாது, ஓரம் தெறிக்கும். அதை அராவி எடுத்துவிட்டுத்தான் அடிக்கவேண்டும். இது கல்லுடைக்கிறவனின் அரிச்சுவடி. சிமியோனுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவனே கந்தப்புதான். அரம் அவன் பைக்குள் இருந்தது. நல்ல அரம். மூன்று உளிக்கும் கோடரிக்கும் மட்டும் எடுக்கிற அரம்.

"அவர் வாங்கின உளிக்கு அவர் அரம் தரட்டும்," என்றான் கந்தப்பு. "என்ரை அரம் உந்தக் கம்பித் துண்டுக்குத் தேயிறதோ? பிடி."

சிமியோன் குந்தியிருந்து உளியைப் பிடித்தான்.

முதல் பத்து அடி எப்போதும் போல விழுந்தது. பிறகு மேலே மனேச்சரின் குரல் கேட்டது. கிணற்றுக்கட்டில் கையூன்றி எட்டிப் பார்த்து, பக்கத்துத் தோட்டக்காரனிடம், இவங்கள் வேலைக்குச் சுணங்கிப்போட்டு உளியில் பழி போடுகிறாங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கிணற்றுக்குள் எல்லாம் நன்றாகக் கேட்கும். கந்தப்பு சம்மட்டியைத் தலைக்கு மேலே கொண்டுபோனான். அந்த அடி கல்லுக்கு அடித்த அடியல்ல. மனேச்சருக்கு அடித்தது.

சிமியோன் கத்தவில்லை. உளியைக் கீழே வைத்தான். இடக்கண்ணைப் பொத்திக்கொண்டு, "தூசு விழுந்திட்டுது போல, அண்ணை," என்றான். விரல்களுக்கு நடுவால் இரத்தம் வழிந்தது.

கல் தூக்குகிற கயிற்றிலேயே அவனைக் கட்டி மேலே இழுத்தார்கள். வாகனத்துக்கு எண்ணெய் எங்கே? கந்தப்பு அவனைச் சைக்கிள் பின் கரியலில் இருத்தி, தன் முதுகோடு சேர்த்துச் சால்வையால் கட்டி, வீங்கிய கையோடு யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி மட்டும் மிதித்தான். வழி முழுக்கச் சிமியோன், ஆறுதலாக ஓடுங்கோ, விழுந்துபோவோம் என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

டொக்டர் கண்ணுக்குள்ளிருந்த இரும்புத் துண்டை எடுத்தார். மூன்றாம் நாள் கண்ணையும் எடுக்க வேண்டியதாயிற்று.

எடுத்த இரும்பைக் கடதாசியில் மடித்து றோசிடம் கொடுத்திருந்தார்கள். அவள் அதைக் கந்தப்புவின் கையில் வைத்தாள். நகத்துண்டு அளவுதான். ஒரு பக்கத்தில் நீலப் பெயின்ற் இன்னும் ஒட்டியிருந்தது.

அன்று பின்னேரமே கந்தப்பு மனேச்சர் வீட்டுக்குப் போனான். அவர் விறாந்தையில் விதை வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஐந்து உளியும் கிடந்தன. அதற்குள் கிணற்றிலிருந்து எடுப்பித்துவிட்டார். கந்தப்பு கடதாசியைப் பிரித்து வெங்காயக் குவியலின் மேல் வைத்தான்.

மனேச்சர் பார்த்தார். கண்ணை மூடி, முருகா என்றார். பாவம், நல்ல பொடியன், அரை மூடை நெல் கொடுத்தனுப்புகிறேன் என்றார். இரும்பு விற்றவனைக் கண்டால் கேட்பேன் என்றார். பேசப் பேச அவருடைய குரல் தேறி, பழைய மனேச்சர் குரலாகியது.

கந்தப்பு ஓர் உளியை எடுத்து அவர் முன்னால் நீட்டினான்.

"வாங்கோ ஐயா, கிணத்துக்கை இறங்குவம். நீங்கள் இதைப் பிடியுங்கோ. நான் ஒரே ஒரு அடி அடிக்கிறன். ஒண்டின்ரை விலைக்கு அஞ்செல்லோ. பிடிச்சுப் பாருங்கோ."

மனேச்சர் கையை மடிக்குள் இழுத்துக்கொண்டார். முகம் கறுத்தது. பிறகு தலையை நிமிர்த்தினார்.

"லொறி வில்லிலை அடிச்ச உளி மூண்டு உன்னட்டை இருக்கெண்டு உவன் சிமியோன்தான் எனக்குச் சொன்னவன். ஒருக்காக் கேட்டு வாங்கித் தாங்கோ ஐயா எண்டு கெஞ்சினவன். நான் கேக்கேல்லை. ஓம், அது என்ரை பிழை. நீ ஏன் கொண்டரேல்லை?"

"உளி கிணத்துக்காரன்ரை. அதுதான் வழக்கம்."

"அப்ப வழக்கத்திட்டைப் போய்க் கண்ணைக் கேள்."

கந்தப்புவின் கை உளியை இறுக்கிப் பிடித்தது. மனேச்சரின் தலையை ஓர் அடியில் பிளந்திருக்கலாம். மனேச்சர் கெட்ட மனிசன். கேட்ட கேள்வி கெட்ட கேள்வி இல்லை. அவருக்கு அரத்தின் கதை தெரியாது. அதுவும் தெரிந்திருந்தால் என்ன கேட்டிருப்பார்?

ஐந்து உளியையும் அள்ளிக்கொண்டு போய்க் கிணற்றுக்குள் எறிந்தான். அவை கல்லில் விழுந்து டொக்கென்று சத்தம் போட்டன. விழும்போது கூட மணிச் சத்தம் இல்லை. நெல்லும் வேண்டாம், முழக்கூலியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியேறினான். படலை தாண்டிய பிறகுதான், நெல்லை வேண்டாம் என்று சொல்ல அது தன்னுடைய நெல் இல்லை என்பது உறைத்தது. திரும்பிப் போய்க் கேட்க வாய் வரவில்லை. அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது.

அடுத்த கிழமை, வளையிலிருந்த மூன்று உளியையும் சாக்கோடு எடுத்துக்கொண்டு மல்லாகத்துக்குப் போனான். சிமியோன் கொட்டில் வாசலில், கண்ணில் பஞ்சும் துணியுமாக இருந்தான். வெற்றிலைத் தட்டத்தை எட்டி எடுக்கப் போன அவன் கை, தட்டத்துக்கு முன்னாலேயே நிலத்தைத் தட்டியது. ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடவில்லை. அவனே அதற்குச் சிரித்தான்.

கந்தப்பு சாக்கை அவிழ்த்து முன்னால் வைத்தான். சிமியோன் ஒன்றை எடுத்துப் பெருவிரலால் கூரைத் தடவிப் பார்த்தான்.

"நல்ல சாமான், அண்ணை."

உள்ளே அடுப்பூதிக்கொண்டிருந்த றோஸ் வாசலுக்கு வந்தாள்.

"அண்டைக்கு உது எங்கை இருந்தது?"

"என்ரை வீட்டு வளையிலை."

"அரம்?"

சிமியோன் சொல்லியிருக்கிறான். கந்தப்பு நிலத்தைப் பார்த்தான்.

"பைக்குள்ளை," என்றான்.

"கொண்டு போங்கோ," என்றாள் றோஸ். "கடல் திறந்தாலும் இனி இவரை ஆரும் வள்ளத்திலை ஏத்தாங்கள். இனி உளி பிடிக்கவும் விடமாட்டன். எங்களுக்கு உது என்னத்துக்கு?"

கந்தப்பு உளிகளை எடுக்கவில்லை. எழும்பிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு றோட்டுக்கு வந்தான். பழியை மனேச்சருக்குப் பாதி, தனக்குப் பாதி என்று வழி முழுக்கப் பிரித்துப் பார்த்தான். இரும்பு விற்றவனுக்கும் ஒரு பங்கு வைத்துப் பார்த்தான். பிரிபடவில்லை. சம்மட்டி அவன் கையில்தான் இருந்தது, அரம் அவன் பைக்குள்தான் இருந்தது.

சிமியோனுக்குக் கந்தப்பு கொடுக்கவேண்டியது ஒரு கண். இடது கண். இன்னும் கொடுக்கவில்லை.