பின்சீட்டை மடக்கினால்

தரையிலிருந்து முன்சீட்டின் விளிம்பு வரை அறுபத்தொரு சென்டிமீட்டர் இருந்தது. லிஃப்ட் மெக்கானிக் இரண்டு தடவை அளந்தான். முதல் தடவை சும்மா. இரண்டாவது தடவை சீட்டை உள்ளங்கையால் நன்றாக அழுத்திப் பிடித்துக்கொண்டு. ஆள் உட்கார்ந்தால் மெத்தை அமுங்குமே, அதற்காக. அழுத்தினால் ஐம்பத்தொன்பது. மனைவியின் சக்கர நாற்காலி ஐம்பத்துமூன்று. ஆறு சென்டிமீட்டரை ஒரு வழவழப்பான பலகை போட்டுச் சரிக்கட்டிவிடலாம். இருபத்திரண்டு வருடமாக அவன் பார்க்கிற வேலையே ஏறக்குறைய அதுதான். லிஃப்டின் தரையும் மாடியின் தரையும் ஒரே மட்டத்தில் வந்து நிற்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் பிசகினாலும் யாராவது தடுக்கி விழுவார்கள்.

இது அவர்கள் பார்க்கிற மூன்றாவது வண்டி. முதலில் பார்த்த சின்னக் காரில் சீட் பள்ளத்தில் கிடந்தது. அவளை உள்ளே இறக்குவதற்குள் அவனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அடுத்துப் பார்த்த ஜீப்பில் ஏற்ற கிரேன்தான் வேண்டும் என்று அவளே சொல்லிவிட்டாள். கார் என்றும் சொல்ல முடியாமல் ஜீப் என்றும் சொல்ல முடியாமல் நடுவில் நிற்கிற இந்த ரகம்தான் சரியாக வரும்போல இருந்தது. ஆறு வருடம் ஓடிய வண்டி. சாம்பல் நிறம். அடுக்குமாடிக் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில், இரண்டு தூண்களுக்கு நடுவே நின்றது.

அவள் சீட்டைப் பார்க்கவில்லை. நாற்காலியில் இருந்தபடியே டயரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினாறு வருடம் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக் கொடுத்தவள். ஊரில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கித்தான் லைசென்ஸ் வாங்கியிருந்தார்கள். கட்டின புருஷன் ஒருத்தனைத்தான் ஸ்டீயரிங் பக்கம் இழுக்க முடியவில்லை. வீட்டில் ஒரு ஆள் ஓட்டினால் போதாதா என்று இருபது வருடம் தட்டிக்கழித்தவன், அவள் கால்கள் மடங்க ஆரம்பித்த பிறகு மூன்றே மாதத்தில் கற்றுக்கொண்டு லைசென்ஸும் வாங்கிவிட்டான்.

"முன் டயர் ரெண்டும் உள்பக்கமா தேஞ்சிருக்கு பாரு, லிஃப்ட்டு" என்றாள். கல்யாணமான புதிதில் கேலிக்கு வைத்த பெயர். இப்போது அவளைத் தூக்குவது, இறக்குவது எல்லாம் அவன்தான் என்றான பிறகும் அதை மாற்றவில்லை. "அலைன்மென்ட் பாத்து ரெண்டு வருஷமாவது இருக்கும்."

வண்டிக்காரர் சாவியோடு மாடிப்படியில் இறங்கி வந்தார். மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதி. முப்பத்தைந்து வயது இருக்கும். தோளில் பால் கறை. பாதிப் படியிலேயே நின்றுவிட்டார்.

"டீச்சர்?"

அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "ஏய், வேகத்தடை! நீயா?"

அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். ஒவ்வொரு வேகத்தடையிலும் என்ஜினை அணைத்துவிடுவாராம். பயிற்சிக்கு வந்த நாற்பது நாளும். லைசென்ஸ் தேர்வில் இரண்டு தடவை தோற்று, மூன்றாவது தடவை பாஸானபோது இனிப்புப் பெட்டியோடு வந்து அவள் காலில் விழப் போனவர். சிரித்துக்கொண்டே வந்தவரின் பார்வை நாற்காலிச் சக்கரத்தில் பட்டு, வேறெங்கோ போய், திரும்பவும் அங்கேயே வந்து நின்றது. இந்தப் பார்வையை லிஃப்ட் மெக்கானிக் ஒரு வருடமாகப் பார்த்துவருகிறான். அடுத்து வரப்போகும் கேள்வியும் அவனுக்கு மனப்பாடம். அவள் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"காலு ரெண்டும் வேலைய விட்டு நின்னுடுச்சுப்பா. கை இப்பதான் லீவு கேட்டுக்கிட்டிருக்கு. நீ பானெட்டத் திற."

அதன்பிறகு அரைமணி நேரம் அந்தக் கீழ்த்தளம் அவளுடைய வகுப்பறையாகிவிட்டது. ஆயில் மூடியைக் கழற்றி அடிப்பக்கத்தைக் காட்டச் சொன்னாள். நான்கு கதவுகளின் ரப்பரையும் உரித்து, கீழே தகரத்தை ஒட்டின வெல்டிங் புள்ளிகள் வரிசையாக இருக்கின்றனவா என்று பார்க்கச் சொன்னாள். வரிசை கலைந்திருந்தால் வண்டி அடிபட்டது என்று அர்த்தம். "பின் கதவு ஒண்ணு பெயின்ட் அடிச்சது. வெளிச்சத்துல சாய்ச்சுப் பாரு, நிறம் ஒரு பிடி கூட இருக்கு" என்றாள். வண்டிக்காரர் தலையைச் சொறிந்தார். கேட்டில் இடித்தது என்று ஒப்புக்கொண்டார். கேட் ஆடாமல் ஒரே இடத்தில்தானே நின்றது என்று அவள் கேட்டாள். கணவன் சொன்னதைச் செய்தான், கையைக் கரியாக்கிக்கொண்டான், அவள் குரலைக் கேட்டுக்கொண்டே இருந்தான். நடுவில் ஒருதரம்கூட அவளுக்கு மூச்சு வாங்கவில்லை. எத்தனை நாளாயிற்று இந்தக் குரலைக் கேட்டு.

"இப்ப நீ ஏறு. ஹேண்ட்பிரேக்க இறுக்கிப் பிடி. மூணாவது கியர்ல போட்டு, கிளட்ச்ச மெதுவா விடு."

அப்படி விட்டால் நல்ல கிளட்ச் என்ஜினை உடனே திணறடித்து அணைத்துவிட வேண்டும். இந்த வண்டி அணையவில்லை. உறுமிக்கொண்டே இருந்தது. அவள் வாய்விட்டு எண்ணினாள். "ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு…" அதற்குப் பிறகுதான் குலுங்கி நின்றது.

"கிளட்ச் போச்சு" என்றாள். "இன்னும் கால அது மேலயே வெச்சுக்கிட்டு ஓட்டுறியா?"

"பழக்கம் டீச்சர்…"

"எத்தன தடவ ஸ்கேலால தட்டியிருப்பேன் அந்த முட்டியில."

மூன்று பேரும் சிரித்தார்கள். சிரித்த வேகத்தில் அவள் தலை ஒரு பக்கமாகச் சரிந்தது. தானே நிமிர்த்திக்கொண்டாள். அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. வண்டிக்காரர் கவனிக்கவில்லை. கணவன் கவனித்தான்.

மூன்று வாரத்துக்கு முன்னால் அவளை ரத்தப் பரிசோதனைக்கு உள்ளே அனுப்பிவிட்டு வராந்தாவில் நின்றபோது, டாக்டர் அவனைத் தனியாகக் கூப்பிட்டார். இந்த நரம்பு நோய் காலோடு நிற்காது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். இவ்வளவு சீக்கிரம் ஏறும் என்பது தெரியாது. வருடக் கடைசிக்குள் கழுத்து நிற்காது என்றார் டாக்டர். உட்கார வைப்பது கஷ்டம், படுத்த நிலையில்தான் எங்கேயும் கூட்டிப்போக வேண்டியிருக்கும். வண்டி வாங்குவதாக இருந்தால் அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். இதை அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். வீட்டுக்கு வந்தால் அவள் காலண்டரைப் பார்த்துத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஐந்து மணிநேரப் பயணம். மாதம் ஒருதரம் போய்ப் பார்த்துவிட வேண்டும். "முன்சீட்டுல உக்காந்து, நீ ஓட்டுறதுல தப்புக் கண்டுபிடிச்சுக்கிட்டே வருவேன். உனக்கும் பொழுது போகும், எனக்கும் பொழுது போகும்." அப்போது சொல்ல வாயெடுத்தவன், தண்ணீர் குடித்துவிட்டு வந்தான். அதன்பிறகு தினமும் ஏதாவது ஒரு காரணம் கிடைத்தது.

இப்போது அவள் வண்டிக்காரரைப் பிடித்துவைத்துக்கொண்டு சர்வீஸ் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் வீட்டில் மூன்றாவது குழந்தை வரப்போகிறதாம், ஏழு பேர் உட்காரும் வண்டி வேண்டுமாம். அவள் வாழ்த்துச் சொன்னாள். அந்த நேரத்தைப் பார்த்து அவன் வண்டியின் பின்னால் போய் டிக்கியைத் திறந்தான். பின்சீட்டின் கொக்கியை இழுத்து இரண்டு பாதியையும் மடக்கினான். சீட்டு இடுக்கிலிருந்து பிஸ்கட் தூளும் ஒரு துண்டு கலர் சாக்பீஸும் உருண்டு வந்தன. கையால் ஒதுக்கிவிட்டு, இரும்பு டேப்பை முன்சீட்டின் முதுகுவரை நீட்டினான். நூற்று அறுபத்தெட்டு. முன்சீட்டைத் தள்ளிவைத்தால் இன்னும் பத்து கிடைக்கும். டேப் சர்ரென்று சுருண்டது.

"என்ன அளக்குற?"

அவன் நிமிர்ந்தான். அவள் திரும்பியிருக்கவில்லை. திரும்பவும் முடியாது. வண்டியின் பக்கக் கண்ணாடி அவள் முகத்துக்கு நேராக இருந்தது. அதில் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாற்காலி வெக்க இடம் இருக்கான்னு பாக்குறேன்."

"நாற்காலிய மடக்கினா மூணடி. அதுக்கு எதுக்குப் பின்சீட்ட மடக்குற?"

வண்டிக்காரர் புத்தகத்தை மூடினார். இல்லாத ஒரு போன் அழைப்பை எடுத்துக்கொண்டு தூணுக்கு அப்பால் நடந்து போனார்.

"இங்க வா" என்றாள்.

அவன் வந்து அவள் எதிரில் குந்தி உட்கார்ந்தான். கையில் டேப் இருந்தது.

"டாக்டர் சொன்னாரா?"

"ம்."

"எப்ப?"

"மூணு வாரம் ஆச்சு."

"என்ன சொன்னாரு?"

"கழுத்து… வருஷக் கடைசிக்குள்ள…"

அவள் அவனையே பார்த்தாள். பள்ளத்தில் வண்டியை இறக்கிவிட்ட மாணவனைப் பார்க்கிற பார்வை. திட்டப்போகிறாள் என்று அவன் நினைத்தான். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான்.

"எவ்வளவு வருது?" என்றாள்.

"நூத்தி அறுபத்தெட்டு."

"நான் எவ்வளவு?"

"நூத்தி அறுபத்தி மூணு."

"இது எப்ப அளந்த?"

"நீ தூங்கும்போது."

அவள் உதடு சிரிப்பதற்காகத்தான் விரிந்தது. "தூங்குற பொண்டாட்டிய டேப்ப வெச்சு அளக்குற ஒரே புருஷன் இந்த உலகத்துல…" என்று தொடங்கினாள். வாக்கியம் முடியவில்லை. கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கக் கை பாதிவரை ஏறி, மடியிலேயே விழுந்தது. அவன் தன் கரிக்கையைப் பார்த்தான். சட்டையைத் தூக்கி, உள்பக்கத்தால் அவள் கன்னத்தைத் துடைத்தான். அவன் முகத்தைத் துடைக்க யாரும் இல்லை.

"மூணு வாரமா இத வயித்துக்குள்ள வெச்சுக்கிட்டுத்தான் எனக்குச் சோறு ஊட்டினியா?"

"ம்."

"நான் மாசாமாசம் முன்சீட்டுல வரேன்னு கதை விட்டப்பல்லாம் தலைய தலைய ஆட்டினியே."

"உன் மொகத்தப் பாத்துச் சொல்ல முடியல."

"என் மொகத்த இனி யாரு பாப்பாங்க, நீ பாக்காம?"

மேலே எந்த வீட்டிலோ மிக்சி ஓடி நின்றது. அவள் மூக்கை உறிஞ்சினாள். கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தாள். திறந்தபோது பார்வை வண்டியின் மேல் இருந்தது.

"சரி. தூக்கு."

"எங்க?"

"பின்னாடிதான். அளவு சரியா இருந்தா ஆச்சா? சட்ட எடுத்தாகூடப் போட்டுப் பாத்துத்தான எடுக்குறோம்."

ஒரு கையை முதுகுக்குப் பின்னாலும் ஒரு கையை முழங்காலுக்கு அடியிலும் கொடுத்துத் தூக்கினான். லிஃப்டுக்குள் ஒட்டுகிற பலகையில் ஒரு ஆளுக்கு அறுபத்தெட்டு கிலோ என்று கணக்கு வைத்துத்தான் எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதுவார்கள். கல்யாணமான வருடம் அவள் எடை சரியாக அறுபத்தெட்டு. "நான்தான் உங்க கம்பெனி கணக்குல முழு ஆளு" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். இப்போது நாற்பத்தொன்று. தூக்குவது கஷ்டமாக இல்லை. கஷ்டமாக இல்லாததுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

தலை முன்சீட்டுப் பக்கம், பாதம் டிக்கிப் பக்கம். பாதத்துக்கும் கதவுக்கும் நடுவே நான்கு விரல் இடம் இருந்தது. தலைக்கு அடியில் தன் பையை மடித்து வைத்தான்.

"இடுப்புக்குக் கீழ ஒரு மேடு இருக்கு" என்றாள், கூரையைப் பார்த்தபடி. "சீட் மடங்குற இடம். மெத்த போட்டாத்தான் ஆகும். தடிமனா இல்ல, ரெண்டு அங்குலம் போதும். தடிமனா போட்டா வளைவுல உருண்டுடுவேன்."

"சரி."

"ஓட்டிப் பாக்காம வண்டி எடுக்கச் சொல்லி எந்த ஸ்டூடன்ட்டுக்கும் நான் சொன்னதில்ல. அந்தத் தம்பியக் கூப்பிடு."

வண்டிக்காரர் வந்தார். பின்னால் பார்த்தவர், முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். கணவன் காலியாக இருந்த முன்சீட்டை முடிந்தவரை முன்னால் தள்ளிவிட்டு, கிடைத்த இடுக்கில் ஏறி, தலையைக் குனிந்துகொண்டு, அவள் தலையைத் தன் இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டான். வண்டி கீழ்த்தளத்தின் சரிவில் ஏறி வெளிச்சத்துக்கு வந்தது.

முதல் திருப்பத்திலேயே அவள் சொன்னாள். "பெட்ரோல் பங்க் தாண்டிட்டோம். இப்ப வேகத்தடை வரும். ரெண்டாவது கியர்." வந்தது. வண்டி நிற்காமல் ஏறி இறங்கியது. "பரவாயில்ல, தேறிட்ட" என்றாள். பதினாறு வருடம் போய்வந்த சாலைகள். படுத்த நிலையில் அவற்றில் போவது இதுதான் முதல் தடவை. வளைவு வந்தால் அதற்கு ஒரு நொடி முன்பே சொன்னாள். அவள் தலை அவன் முழங்கால்களுக்கு நடுவே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் லேசாக உருண்டது. அவன் இரண்டு உள்ளங்கைகளையும் காதருகே அணையாக வைத்தான்.

"கால எடு" என்றாள் திடீரென்று. "கிளட்ச் மேல வெச்சிருக்க. எனக்கு இங்க தெரியுது."

"எடுத்துட்டேன் டீச்சர்." அவர் நடுக்கண்ணாடியில் பின்னால் பார்த்துப் பார்த்து ஓட்டினார்.

"என்னப் பாக்காதப்பா. ரோட்டப் பாரு."

சிக்னலில் வண்டி நின்றது. அவள் பாதத்துக்கு அப்பால், பின்கண்ணாடி முழுக்கத் தூசி படிந்திருந்தது. வாரக்கணக்கில் துடைக்காத தூசி. அதன் வழியாக வானம் சாக்குத்துணிபோலத் தெரிந்தது. அவள் அதையே பார்த்தாள்.

"பின் வைப்பர் வேலை செய்யுதான்னு பாக்கவே இல்லையே, லிஃப்ட்டு" என்றாள். "நம்ம யாருக்குமே தோணல பாரு."

வண்டிக்காரர் கைப்பிடியைத் திருப்பினார். எங்கிருந்தோ கொஞ்சம் தண்ணீர் பீச்சி, தூசியில் சேறாக வழிந்தது. வைப்பர் இருமிக்கொண்டு எழுந்து, கண்ணாடியின் மறுகோடிவரை போய்த் திரும்பியது. பழுப்புக்கு நடுவில் அரைவட்டமாக ஒரு இடம் திறந்தது. அதற்குள் மின்கம்பிகளும், மூன்றாவது மாடியில் ஒரு பெண் உதறிக்கொண்டிருந்த போர்வையும், அதற்கு மேலே வெறும் வெளிச்சமும் இருந்தன. ஓரத்திலிருந்து சேறு மெல்ல உள்ளே வழிய ஆரம்பித்தது.

"இன்னொரு தடவ போடச் சொல்லு" என்றாள்.